"ஒரு போல்ட்டுக்குப் பத்து நாளா, அம்மிணி?"

கோவை கணபதியில் சந்துக்குச் சந்து லேத் சத்தம் கேட்கும். அப்படி ஒரு சந்தின் கடைசியில் அந்தப் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின். சுவரில் முருகன் காலண்டர், பக்கத்தில் ஏதோ ஒரு தீபாவளிக்கு பம்ப் கம்பெனி கொடுத்த கடிகாரம். முப்பது வருடமாக அங்கே பம்ப் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருப்பவருக்கு ஒரே மகள். அவள் விமானம் ரிப்பேர் பார்க்கப் படித்தாள்.

'ரிப்பேர்' என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "மெயின்டெனன்ஸ் இன்ஜினீயரிங்ப்பா" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவாள். "அதத்தான நானும் சொல்றேன்" என்பார் அவர்.

படிப்பு முடிந்து ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள். லைசென்ஸ் தேர்வுகள் இன்னும் பாக்கி இருந்ததால், சீனியர் இன்ஜினீயரின் மேற்பார்வையில்தான் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவாள்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமை அவள் முகம் சரியில்லை. அப்பா கேட்டார். அவள் சொன்னாள். ஒரு விமானத்துக்கு 100 மணி நேரச் சோதனை நடந்தது. என்ஜினை விமானத்தின் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் நான்கு போல்ட்டுகளில் ஒன்றின் மரை அடிபட்டிருந்தது. ஸ்டோரில் மாற்று போல்ட் இல்லை. ஆர்டர் போட்டிருக்கிறார்கள், பத்து நாள் ஆகும். அதுவரை விமானம் ஹேங்கரை விட்டு நகராது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வந்த பிள்ளைகள் தினமும் ஹேங்கர் வாசலில் வந்து நின்று, "அக்கா, எப்ப ரெடியாகும்?" என்று கேட்கிறார்கள்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு போல்ட்டுக்குப் பத்து நாளா, அம்மிணி? நம்ம சந்துல டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள கடைஞ்சு குடுத்துருவானுகளே! சைஸ் என்ன?"

பேச்சுவாக்கில் அவள் சைஸைச் சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்து உட்கார்ந்ததும், சாப்பாட்டு மேசையில் ஒரு நகைக்கடை மோதிரப் பெட்டியை வைத்தார். திறந்தால் இரண்டு போல்ட். மஞ்சள் ஜிங்க் பிளேட்டிங் போட்டு, தங்கம் போலவே மின்னின.

"ஒண்ணு அந்த பிளேனுக்கு. இன்னொண்ணு ஸ்பேர். இனி எவங்கிட்டயும் பத்து நாள் காத்திருக்க வேண்டாம்."

அவள் மைக்ரோமீட்டரை எடுத்தாள். வீட்டு பீரோவிலேயே மைக்ரோமீட்டர் இருக்கும் குடும்பம் அது. தண்டு விட்டத்தில் ஒரு மைக்ரான் குறை சொல்ல முடியவில்லை. ரிங் கேஜில் மரை வெண்ணெயாக ஓடியது. தலைக்கும் தண்டுக்கும் இடையிலான வளைவைக்கூட அவர் மறக்கவில்லை. என்24 இரும்பில் கடைந்து, ஹார்டனிங்குக்குக் கொடுத்து வாங்கி, பிளேட்டிங்குக்கும் தானே வண்டியில் கொண்டுபோயிருக்கிறார். ஒரு வாரம் பம்ப் ஷாஃப்ட் வேலையைத் தள்ளிவைத்திருக்கிறார்.

"அப்பா... இதை மாட்ட முடியாதுங்ப்பா."

"ஏன், அளவு இல்லியா?"

"அளவு அச்சா இருக்குதுங்ப்பா. இந்த ராடுக்கு ஹீட் நம்பர் என்னங்ப்பா?"

கோவையில் ஃபவுண்டரி வாசலில் வளர்ந்தவர்களுக்கு ஹீட் நம்பர் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஒரு உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றும் இரும்புக்கு ஒரு எண். அந்த எண்ணை வைத்து அதில் கார்பன் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, யார் சோதித்தார்கள் என்று தேடிப் பிடிக்கலாம். வேறு அடையாளம், ராடின் முனையில் அடித்திருக்கும் பெயின்ட். எந்த நிறம் என்ன இரும்பு என்று கடைக்காரருக்குத் தெரியும். பெயின்ட் அடித்த முனையை முதலில் வெட்டி விற்றுவிட்டால், மிச்சம் இருக்கும் துண்டு எந்த ஜாதி இரும்பு என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

"என்24ன்னு சொல்லித்தான் குடுத்தான்" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வயசு அப்படி, நிறுத்தவில்லை. ஹார்டனிங்கில் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தார்கள், பிளேட்டிங் முடிந்ததும் அடுப்பில் வைத்து பேக் பண்ணினார்களா, அந்த சார்ட் இருக்கிறதா என்று கேட்டாள். விமான போல்ட்டுகளில் மரையை வெட்டுவதில்லை, உருட்டி அழுத்தித்தான் எடுப்பார்கள், லேத்தில் வெட்டினால் இரும்பின் இழை அறுந்து அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும் என்றும் சொன்னாள். அவள் சொன்னதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் மோதிரப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் சொல்கிற நேரம் அது இல்லை.

அவர் பெட்டியை மூடினார்.

"உன்ற காலேஜ் ஃபீஸைக் கட்டுனது இந்த லேத்துதான், அம்மிணி. அன்னைக்கு எந்தப் பேப்பரும் கேக்கல நீ."

அன்றைக்கு ராத்திரி அரிசிம்பருப்பு சாதம். அவருக்கு உயிர். பாதித் தட்டோடு எழுந்துவிட்டார். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. பட்டறையில லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கறாரு" என்று அம்மா பத்து மணிக்கு வந்து சொன்னாள்.

இந்த இடத்தில் மகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவள் மாட்டுகிற பாகம் போய் உட்காரும் என்ஜின் எப்படி அங்கே வந்தது என்பது ஒரு தனிக் கதை.

குட்டி விமானங்களில் உலகம் முழுக்கப் புழங்கும் என்ஜின்களில் ஒன்று ஆஸ்திரியாவின் ராட்டாக்ஸ் 912. நான்கு சிலிண்டர், எதிரும் புதிருமாக இரண்டிரண்டாகப் படுத்திருக்கும். 5,800 சுற்று வரை ஓடும். இடையில் ஒரு கியர்பாக்ஸ் அதைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குக் கொடுக்கும். இதில் 100 குதிரைத்திறன் ரகத்தில் 912 யூ.எல்.எஸ்., 912 எஸ் என்று இரண்டு உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். ஆனால் ஒன்று சான்று பெற்ற விமான என்ஜின், மற்றது இல்லை. சான்று இல்லாத ரகத்தின் கையேட்டிலேயே, இது திடீரென்று நின்றுபோகலாம், என்ஜின் இல்லாமல் இறங்க முடியாத இடத்தின் மேல் பறக்காதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கை எழுதிவைத்திருக்கிறார். சான்று பெற்றதற்கு விலை அதிகம். அந்தக் கூடுதல் விலையில் பெரும்பகுதி சோதனைக்கும், ஒவ்வொரு பாகத்தின் பிறப்பு முதலான வரலாற்றைக் காகிதத்தில் காப்பாற்றி வைப்பதற்கும்தான்.

விமான என்ஜினுக்குச் சான்று தருவதற்கு அமெரிக்காவில் 'பார்ட் 33', ஐரோப்பாவில் 'சி.எஸ்.-இ' என்று விதித் தொகுப்புகள் இருக்கின்றன. அமெரிக்க விதிப்படி பிஸ்டன் என்ஜினை மொத்தம் 150 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். விருந்தாளி வந்தால் ஓட்டிக் காட்டுகிற மாதிரி மெதுவாக அல்ல. முழு சக்தியில் கணிசமான நேரம். அதிர்வுச் சோதனை தனி. பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிறதா என்று பார்ப்பது தனி. எல்லாம் முடிந்ததும் என்ஜினை நட்டு நட்டாகக் கழற்றிப் பரப்பி, எது தேய்ந்தது, எது நீண்டது என்று அளப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனி மின்சுற்று இருக்க வேண்டும் என்பதும் விதி. பறக்கும் முன் ஓடுபாதை ஓரத்தில் விமானம் நின்று உறுமுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது பைலட் ஒரு சுற்றை அணைத்து, மற்றதில் மட்டும் என்ஜின் ஓடுகிறதா என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்.

இந்தியாவில் இதற்கெல்லாம் காவல்காரர் டி.ஜி.சி.ஏ. வெளிநாட்டுச் சான்று இருந்தாலும், டி.ஜி.சி.ஏ. அதைப் பரிசீலித்து ஏற்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு உதிரி பாகமும் தன் காகிதத்தோடு வர வேண்டும். பாகத்தைப் பொறுத்து அது ஐரோப்பாவின் ஃபார்ம் 1 ஆக இருக்கலாம், நம் டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ. ஃபார்ம் 1 ஆக இருக்கலாம், சாதாரண போல்ட் என்றால் தயாரிப்பாளர் தரும் இணக்கச் சான்றாக இருக்கலாம். காகிதம் இல்லாமல் எதுவும் ஸ்டோருக்குள் போகாது.

எரிபொருளிலும் இதே கதைதான். ராட்டாக்ஸுக்குப் பெட்ரோல் பங்க் பெட்ரோல் போதும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் 10 சதவீதம் எத்தனால் வரைதான் அனுமதி. நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம். கேனை எடுத்துக்கொண்டு பங்க்குக்கு ஓடினால், அந்த நிமிடமே சான்று செல்லாமல் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்கும்போது அப்பா வாயைத் திறந்தார்.

"அப்ப நம்ம ஆளுக யாருமே பிளேன் பண்ணுனதில்லியா? எல்லாம் வெள்ளைக்காரன்தானா?"

பண்ணியிருக்கிறார்கள். அவள் ஹன்சாவைப் பற்றிச் சொன்னாள். பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் என்.ஏ.எல். ஆய்வகம் வடிவமைத்த இரண்டு இருக்கை விமானம். உடம்பு முழுக்க ஃபைபர். முதல் மாதிரி பறந்தது 1993 நவம்பர் 17. டி.ஜி.சி.ஏ. சான்று கிடைத்தது 2000-இல். ஏழு வருடம்! இத்தனைக்கும் அது ஏர்பஸ் இல்லை, பயிற்சிக்கான குட்டி விமானம். ஓசூர் பக்கம் பெலகொண்டப்பள்ளியில் இருக்கும் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்திலும் ஹன்சா தயாரானது. ஆனால் அதற்குப் பூட்டிய என்ஜின் ராட்டாக்ஸ் 914.

"என்ஜின் மட்டும் அங்கிருந்தா?"

"ஆமாங்ப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாட்டுக்கே பம்ப் செட் அனுப்புகிற ஊர்க்காரருக்கு அது எங்கே இடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அதே ஹன்சாவின் புதிய ரகம், ஹன்சா-என்.ஜி., 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. 2022 பிப்ரவரியில் அதைப் புதுச்சேரிக்கு ஓட்டிக்கொண்டு வந்து, கடல் மட்டத்தில் எப்படிப் பறக்கிறது என்று 18 மணி நேரம் சோதித்தார்கள். அந்த வருடம் மே 17-ஆம் தேதி நடந்ததுதான் அவளுக்குப் பிடித்த பகுதி. கர்நாடகாவின் சல்லகெரே சோதனைத் தளத்துக்கு மேலே, 7,000 அடிக்கும் 8,000 அடிக்கும் இடையில், விமானிகள் வேண்டுமென்றே என்ஜினை அணைத்தார்கள். ப்ரொப்பெல்லர் நின்றது. பிறகு வானத்திலேயே மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். அது நின்றால் திரும்ப ஓடும் என்று வெறுமனே எழுதித் தந்தால் செல்லாது. செய்து காட்ட வேண்டும்.

"பயமா இருக்காதா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

இருக்கும். காரணமும் உண்டு. 2009 மார்ச் 6-ஆம் தேதி, அதே என்.ஏ.எல். உருவாக்கிய சரஸ் என்ற விமானத்தின் இரண்டாவது மாதிரி, இதே போல ஒரு என்ஜினை அணைத்து மீண்டும் இயக்கும் சோதனையின்போது பெங்களூரு அருகே பிடதியில் விழுந்தது. இரண்டு விமானிகள், ஒரு பரிசோதனைப் பொறியாளர், மூன்று பேரும் இறந்துபோனார்கள். என்ஜினை மறுபடி இயக்க வகுத்திருந்த நடைமுறையே தவறு, போதுமான உயரமும் இல்லை என்றது விசாரணை அறிக்கை. அந்த விமானத்தில் இருந்தது டர்போப்ராப், ஹன்சாவில் இருப்பது பிஸ்டன். ஆனால் சோதனையின் பெயர் ஒன்று. பதிமூன்று வருடம் கழித்து சல்லகெரேயில் என்ஜினை அணைத்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

"சரி, அது என்ஜின். நான் கடைஞ்சது போல்ட்டுத்தான" என்றார் அப்பா.

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. 1989 செப்டம்பர் 8. நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போன ஒரு கான்வேர் விமானம் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். கடலுக்கடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்துப் பார்த்தபோது, வால் துடுப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் போலிகள் இருந்தது தெரிந்தது. அளவு சரி. சூட்டுப்பதம் சரியில்லை. 2023-இல் லண்டனில் ஒரு நிறுவனம் போலிச் சான்றுகளோடு ஜெட் என்ஜின் பாகங்களை விற்றது அம்பலமானபோது, உலகம் முழுக்க ஏர்லைன்ஸ்காரர்கள் என்ஜின்களைக் கழற்றித் தேட வேண்டியிருந்தது. அங்கே, புதிது என்ற காகிதத்தோடு வந்த பாகம் பழையதாகத் தெரிந்ததில்தான் சந்தேகம் வந்தது. காகிதத்தைச் சரிபார்த்தபோது பிடிபட்டது.

அப்பா எழுந்து பட்டறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

ஒரு அங்குல கனத்தில் இரண்டு இரும்புப் பிளேட்டை அடுக்கி, இரண்டு ஓட்டை போட்டார். இரண்டு போல்ட்டையும் மாட்டினார். பக்கத்து கார் ஒர்க்‌ஷாப்பில் டார்க் ரென்ச் கடன் வாங்கி வந்து, "எவ்வளவு டைட்டு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அதற்கு மேலேயும் ஒரு இழுப்பு இழுத்தார்.

"நிக்குதான்னு பாக்கலாம்."

நின்றது. சாயந்திரமும் நின்றது. திங்கள் விடியற்காலை அவள் பஸ் ஏறும்போது, பட்டறைக் கதவு வரை வந்து, "இன்னும் நிக்குது" என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் போய், கொஞ்சம் குறும்பு வந்திருந்தது.

புதன்கிழமை காலை போன். "அம்மிணி, ஒண்ணு தலை போயிருச்சு."

காலையில் கூட்ட வந்த பையன், பிளேட்டுக்குக் கீழே போல்ட் தலை தனியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். யாரும் தொடவில்லை, எதுவும் இடிக்கவில்லை. ராத்திரியில் எப்போதோ, தானாக. உடைந்த இடத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இழுபட்டு, நெகிழ்ந்து உடைந்த இரும்பு அப்படி இருக்காது. "கல்கண்டை உடைச்சாட்ட மினுக்குமினுக்குனு இருக்குது" என்றார்.

கெட்டியான இரும்பை பிளேட்டிங் தொட்டியில் போடும்போது அமிலத்திலிருந்தும் மின்சாரத்தாலும் வரும் ஹைட்ரஜன், இரும்புக்குள்ளே புகுந்துகொள்ளும். தொட்டியை விட்டு எடுத்த சில மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, 200 டிகிரிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் பார்க்க நன்றாக இருக்கும், மைக்ரோமீட்டரில் சரியாக இருக்கும், முறுக்கும்போதும் நிற்கும். இறுக்கத்திலேயே இருந்து, மூன்றாம் நாளோ முப்பதாம் நாளோ பட்டென்று போகும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

"இதுதான் காரணமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்ப்பா. ஹார்டனிங்ல தண்ணி வெடிப்பு விட்டிருக்கலாம். ராடே வேற இரும்பா இருக்கலாம். லேப்ல குடுத்தாத்தான் தெரியும்."

"அப்ப இன்னொண்ணு?"

"அதுவும் தெரியாதுங்ப்பா."

அன்றைக்கே பிளேட்டிங் போட்டவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். சண்டை போட அல்ல. பேக் பண்ணுவீர்களா என்று கேட்டதற்கு, "கேட்டாப் பண்ணித் தர்றேங்ணா. இத்தன வருசத்துல யாரும் கேட்டதில்ல" என்றாராம். நியாயம்தான். பம்ப் செட்டுக்குப் போகும் சாதாரண போல்ட்டுக்கு அது தேவையும் இல்லை. பெரும்பாலான சாதா போல்ட்டுகள் அவ்வளவு கெட்டி இல்லாததால் ஹைட்ரஜன் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. கெட்டியாக இருக்கட்டும் என்று அப்பா ஆசையாகக் கொடுத்த ஹார்டனிங்கே வினையானதோ என்னவோ.

பதினோராம் நாள் ஆர்டர் போட்ட போல்ட் வந்து சேர்ந்தது. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சுண்டுவிரல் நீளப் பொருள். கூடவே மடித்த தாள். போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்தார். "போல்ட்டைவிடக் காகிதம் பெருசா இருக்குது" என்றார். அன்று மதியமே சீனியர் இன்ஜினீயர் கையெழுத்துப் போட, விமானம் வெளியே போனது. ஹேங்கர் வாசலில் காத்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி முதல் ஆளாக ஏறிக்கொண்டாள்.

இதற்குப் பிறகு அப்பா திருந்திவிட்டார் என்றெல்லாம் கதை விட முடியாது. அவர் தவறாக எதையும் செய்யவும் இல்லை. சான்று என்பது அவருக்குப் புதிதும் இல்லை. நீர்மூழ்கி பம்புக்கு ஐ.எஸ். 8034, மோனோ பிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்று எண்களிலேயே பேசுவார். பம்ப் கம்பெனிக்காரர்களோடு சிட்டார்க் சோதனைக்கூடத்துக்குப் போய், தண்ணீர் அளவும் கரண்ட் அளவும் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். "மாதிரிக்கு ஒரு பம்பைச் சோதிச்சு ஐ.எஸ்.ஐ. முத்திரை குடுக்கறாங்க. மிச்சத்துல ஒண்ணு போச்சுன்னா கெணத்துல இருந்து கயிறு போட்டுத் தூக்கிக்கலாம். உன்றதைத் தூக்க முடியாதல்ல" என்று ஒருநாள் அவரே சொன்னார். அவள் ஒரு வாரமாக விளக்க முயன்றதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

ஆனாலும் கோவைப் பட்டறைக்காரருக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கத்தான் செய்யும். இதே ஊரில் எல்.எம்.டபிள்யூ.வின் அட்வான்ஸ்டு டெக்னாலஜி சென்டர் விமான, விண்வெளிப் பாகங்களைச் செய்கிறது. 2019-இல் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் ஓசூரும் இருக்கின்றன. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது. இரண்டு லேத் பட்டறைக்கு அந்தக் கதவு ஏன் திறப்பதில்லை? ஏ.எஸ். 9100 என்ற தரச்சான்று வாங்க வேண்டும். தணிக்கைக்கு ஆள் வருவார். ஒவ்வொரு ராடுக்கும் மில் சான்று, ஒவ்வொரு ஹார்டனிங்குக்கும் சார்ட், ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் சரிபார்ப்புத் தேதி. இதை எழுதவே ஒரு ஆள் வேண்டும். "அந்த ஆளுக்குச் சம்பளம் குடுத்து ஷாஃப்ட்டு ரேட்டை ஏத்துனா, பம்ப் கம்பெனிக்காரன் அடுத்த சந்துக்குப் போயிருவான்" என்கிறார் அவர். அது உண்மை. திறமை இல்லாததால் அல்ல, எழுதுவதற்குக் கூலி கொடுக்க ஆள் இல்லாததால் நின்றுபோகிற வேலைகள் இந்த ஊரில் நிறைய.

ஒன்று மட்டும் மாறியது. பழைய டைரி ஒன்றில் இப்போது ராடு வாங்கிய தேதி, கடை, ஹீட் நம்பர் என்று எழுதுகிறார். டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டதற்கு, "ஏனுங்ணா, ராக்கெட்டா பண்றீங்க?" என்று இரும்புக் கடைக்காரர் கேட்டாராம். "மக கேப்பா" என்றிருக்கிறார். பெயின்ட் அடித்த முனையைக் கடைசியாக வெட்டச் சொல்லிப் பையனுக்குக் கட்டளை.

உடையாத அந்த இன்னொரு போல்ட் பிளேட்டோடு அப்படியே பட்டறை ஜன்னல் மேல் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மஞ்சள் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சனிக்கிழமை வந்தால் அவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள். "நிக்குது" என்பார் அப்பா. "நிக்கட்டுங்ப்பா" என்பாள் அவள்.

போன மாதம் அவளுக்கு லைசென்ஸ் வந்தது. பி1.2, பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்கு உரியது. இனி வேலை முடிந்து விமானத்தை வெளியே விடும் சான்றில் அவளே கையெழுத்துப் போடலாம். அம்மா பாயசம் வைத்தாள். அப்பா கையில் இருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டு, அந்த டைரியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

"எங்க, உன்ற கையெழுத்தப் போட்டுக் காட்டு."

போட்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பேங்க்குல போட்டது இப்படி இல்லியே?"

"அது வேறங்ப்பா."

"அப்படியா?" என்றவர், பேனாவை வாங்கிக் கீழே தேதியை எழுதினார்.